குடியை விட எந்தக் கூட்டத்துக்குப் போவது? ஏ.ஏ., மருத்துவமனைக் குழு, ஆன்லைன்: ஓர் ஒப்பீடு

மாலை ஏழு மணி. வேலை முடிந்துவிட்டது, கையில் காசு இருக்கிறது, டாஸ்மாக் இரவு பத்து வரை திறந்திருக்கும். குடியை விட நினைப்பவருக்கு நாளிலேயே கஷ்டமான நேரம் இந்த மூன்று மணி நேரம்தான். ஆதரவுக் குழுவைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் "எது நல்ல குழு, யார் நடத்துவது, எந்த முறை" என்று விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: நீங்கள் வழக்கமாகக் குடிக்கிற நேரத்தில், அரை மணிக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், உங்களுக்குப் புரிகிற மொழியில் நடக்கிற கூட்டம் எது? புகழ்பெற்ற குழு ஒன்று இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தால் மூன்றாவது வாரமே போவது நின்றுவிடும். அடுத்த தெருவில் எட்டுப் பேர் உட்காரும் சாதாரணக் கூட்டம் வருஷக்கணக்கில் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு உள்ள வழிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டாக்டர்

எந்தக் கூட்டமும் மருத்துவம் அல்ல. தினமும் குடிப்பவர், காலையில் கைநடுக்கம் நிற்க ஒரு கட்டிங் தேவைப்படுபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இந்த மூவரும் திடீரென்று தாமாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை ஆள் குழம்பிப் போவது, இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், படபடப்பு என்று வந்தால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. நீண்ட நாள் குடித்தவர் உடலில் தயமின் என்கிற பி1 சத்து ஏற்கெனவே வற்றியிருக்கும். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். "நான் தினமும் குடிப்பவன், கடைசியாகக் குடித்தது இத்தனை மணிக்கு" என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்வதுதான் இங்கே பாதுகாப்பு. நடுக்கத்தை அடக்கும் மாத்திரைகளை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இந்தக் கட்டத்தைக் கடக்க வைப்பார்கள். அந்த வாரமே கூட்டத்துக்குப் போகலாம். உட்கார முடிந்தால் போதும்.

அக்கம்பக்கத்து ஏ.ஏ. கூட்டம்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். இந்தியாவுக்கு 1957இல் வந்தது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது. கூட்டத்தில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீக்கும் அதிலிருந்துதான் பணம். புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ.வின் எழுதிவைத்த மரபு. ஆகவே "ஏ.ஏ. நடத்துகிறோம்" என்று சொல்லி யாராவது ரசீதுப் புத்தகத்தை நீட்டினால் அது ஏ.ஏ. அல்ல.

கண்டுபிடிப்பதுதான் முதல் சிக்கல். குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. சர்ச் வளாகம், பள்ளி வகுப்பறை, சமூக நலக்கூடம், மருத்துவமனையின் ஓர் அறை என்று கிடைத்த இடத்தில் கூடுகிறார்கள். வாசலில் பெரிய போர்டு இருக்காது. கூகுள் மேப்பில் காட்டும் இடத்திலிருந்து குழு எப்போதோ மாறியிருக்கலாம். இந்திய ஏ.ஏ. இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியலும் தொடர்பு எண்களும் இருக்கின்றன. அந்தப் பட்டியலிலும் பழைய தகவல் இருக்கும். அதனால் பட்டியலை நம்பி நேரே கிளம்பாமல், எண்ணைக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எடுப்பவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவை: இந்த வாரம் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு? பேசுவது தமிழிலா ஆங்கிலத்திலா? ஓபன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா? வளாகத்துக்குள் எந்த அறை, எந்தப் பக்கத்து கேட்?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் முதல் நாள் திரும்பிப் போகிறவர்கள் பலர் கேட்டிலிருந்தே திரும்புகிறார்கள். சர்ச்சின் முன் கேட் பூட்டியிருக்கும், கூட்டம் பின்பக்க ஹாலில் நடந்துகொண்டிருக்கும். வாட்ச்மேனிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். "ஏ.ஏ. மீட்டிங் எங்கே?" என்று கேட்டால் போதும். இன்னும் நல்லது, போனில் பேசியவரையே பத்து நிமிஷம் முன்னால் வாசலில் நிற்கச் சொல்வது. பொதுவாக மறுக்க மாட்டார்கள். புதியவரை அழைத்து வருவதைத் தங்கள் நிதானத்தைக் காத்துக்கொள்ளும் வேலையாகவே அவர்கள் நினைக்கிறார்கள்.

ஓபன் மீட்டிங்கில் மனைவி, நண்பர், மாணவர் யாரும் உட்காரலாம். க்ளோஸ்டு மீட்டிங் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். இதைக் கேட்காமல் மனைவியோடு போய், அவர் வெளியே திண்ணையில் ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால், அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஆதரவு குறையும்.

உள்ளே என்ன நடக்கும்? பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, அதன்மேல் சில புத்தகங்கள், சுவரில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழிமுறையான பன்னிரண்டு படிகள் எழுதிய பதாகை. அன்றைக்குத் தலைமை ஏற்பவர் ஏ.ஏ. என்றால் என்ன என்பதை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயரை மட்டும் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசுவார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்திமதியும் சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்று சொல்லலாம். மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். முடிவில் சிறு பிரார்த்தனை, பிறகு டீ. உண்மையான வேலை பாதி அந்த டீ நேரத்தில்தான் நடக்கிறது. அப்போதுதான் போன் எண்கள் கைமாறும். முடிந்தவுடன் எழுந்து ஓடிவிடுகிறவருக்கு இரவு எட்டரைக்குக் கூப்பிட ஓர் எண்கூட இருக்காது.

பிரார்த்தனை என்றதும் இரண்டு சந்தேகங்கள் வரும். சர்ச்சில் நடப்பதால் மதம் மாற்றுகிற கூட்டமோ என்பது ஒன்று. இடம் வாடகைக்கு எடுத்தது, அவ்வளவுதான், ஏ.ஏ. எந்த மதத்தோடும் சேர்ந்ததல்ல. இரண்டாவது, படிகளில் கடவுள் வருகிறாரே என்பது. பெரியார் மண்ணில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்றுதான் படிகளில் இருக்கிறது. குழுவையே தன் உயர்சக்தியாக வைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: சில குழுக்களில் பக்தி வாடை தூக்கலாகவே இருக்கும். ஒத்துவராவிட்டால் வேறு குழுவைப் பாருங்கள், ஏ.ஏ.வையே விட்டுவிட வேண்டியதில்லை.

இதெல்லாம் பலன் தருமா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. முறையாக ஏ.ஏ.வில் கொண்டு சேர்க்கும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன. மற்ற அளவுகளில் ஏறக்குறைய சமம். "கொண்டு சேர்க்கும்" என்பதைக் கவனிக்க வேண்டும். துண்டுச்சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்து "போய்ப் பாருங்க" என்பதை அந்த ஆய்வுகள் அளக்கவில்லை.

ஏ.ஏ.வின் குறைகளும் தெளிவானவை. நடத்துகிறவர்கள் நிபுணர்கள் அல்ல. குழுவுக்குக் குழு தரம் வேறுபடும். சிறிய ஊரில் ஒரே குழுதான் இருக்கும், உள்ளே நுழைந்தால் தெரிந்த முகம் இருக்கும். அவரும் அதே காரணத்துக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றாலும் முதல் நாள் அது உறைக்காது. அப்படித் தயங்குகிறவர் முதல் சில வாரங்கள் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போய்ப் பழகிவிட்டு உள்ளூருக்கு மாறுவது நடைமுறையில் சரிப்படுகிறது. பெண்களின் நிலை இன்னும் கடினம்; பல குழுக்களில் ஒரு பெண்கூட இருப்பதில்லை. போனில் கேட்கும்போதே பெண் உறுப்பினர் யாராவது வருகிறார்களா, பெண்களுக்கான தனிக் கூட்டம் உண்டா என்று கேளுங்கள். வழிகாட்டியாக, அதாவது ஸ்பான்சராக, பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணும் இருப்பதுதான் ஏ.ஏ.வில் வழக்கம். புதிதாக வந்த பெண்ணின் எண்ணை வாங்கிக்கொண்டு இரவில் கூப்பிடும் மூத்த உறுப்பினர் "உதவி" செய்யவில்லை. அதை அந்தக் குழுவின் மற்ற மூத்தவர்களிடம் சொல்லுங்கள்; அவர்கள் பூசி மெழுகினால் வேறு குழுவுக்குப் போய்விடுங்கள்.

இன்னும் இரண்டு அபாய அறிகுறிகள். ஒன்று, கடன் கேட்பது, சீட்டுச் சேரச் சொல்வது. மற்றொன்று, "டாக்டர் கொடுத்த மாத்திரையெல்லாம் வேண்டாம், கூட்டமே போதும்" என்பது. மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்த உறுப்பினருக்கும் உரிமையில்லை, ஏ.ஏ.வின் சொந்த வெளியீடுகளே அதைத்தான் சொல்கின்றன.

மருத்துவமனையோடு சேர்ந்த குழு

சென்னை இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள், 2025 தொடக்கத்தில் தமிழக அரசு 25 இடங்களில் திறந்த "கலங்கரை" போதை மீட்பு மையங்கள் ஆகியவை இந்த வகையில் வரும். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு நிமான்ஸ் கிட்டத்தில் இருக்கிறது. எந்த மையம் அருகில் என்று தெரியாவிட்டால், போதை மீட்புக்கான தேசிய எண் 14446; மன நெருக்கடி நேரத்தில் தமிழிலேயே பேச டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம்.

இங்கே குழுவை நடத்துபவர் உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர். குடியை விட உதவும் டைசல்ஃபிராம், நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளைப் பற்றிச் சந்தேகம் கேட்கலாம். தூக்கமின்மை, மனச்சோர்வு, கல்லீரல் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில் முடியும். வேறு மனநோயும் சேர்ந்து இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பலவீனம் நேரம்தான். புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு அமர்வும் ஒரு நாள் சம்பளம். மாலை ஏழு மணிக்கு ஆசை கிளம்பும்போது அந்த அறை பூட்டியிருக்கும். சிகிச்சைக் காலம் முடிந்ததும் பலருக்குத் தொடர்பும் முடிந்துவிடுகிறது. அதனால் மருத்துவமனையிலிருந்து வெளிவரும் நாளிலேயே அங்குள்ள பணியாளரிடம் "என் பகுதியில் எந்த ஏ.ஏ. குழு, அங்கே யாரைப் பார்ப்பது" என்று கேட்டு, முடிந்தால் அங்கிருந்தபடியே அந்த ஆளோடு போனில் பேசிவிட வேண்டும்.

ஆன்லைன் கூட்டம்

2020 ஊரடங்கின்போது பெருகியது, இன்றும் நீடிக்கிறது. இரவு ஷிப்ட்காரர், கைக்குழந்தை உள்ள பெண், பக்கத்தில் குழுவே இல்லாத ஊர்க்காரர், வளைகுடா நாட்டில் வேலை செய்யும் தமிழர், இவர்களுக்கெல்லாம் இதுவே முதல் கதவு. கடவுள் பேச்சே வேண்டாம் என்பவருக்கு, 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் முறையில் நடப்பது. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம்.

உள்ளே போகும் முன் ஜூமில் உங்கள் முழுப்பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அலுவலகக் கணக்கில் நுழைந்தால் கம்பெனி பெயரோடு சேர்ந்து காட்டலாம். முதல் பெயர் மட்டும் போதும். கேமராவை அணைத்து வைக்கலாம். மைக்கை மறக்காமல் அணையுங்கள், குக்கர் விசில் முப்பது பேருக்குக் கேட்கும். இலவசக் கணக்கில் நடக்கும் கூட்டம் 40 நிமிஷத்தில் தானாக அறுந்துபோகும். அதே லிங்கில் மறுபடி நுழைவார்களா என்று முன்பே கேட்டுவையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் உங்கள் எண்ணை எல்லாரும் பார்ப்பார்கள். புரொஃபைல் படத்தில் குடும்பப் போட்டோ இருந்தால் அதுவும் தெரியும்.

ஒரு பெரிய ஓட்டை இதில் உண்டு: கேமராவை அணைத்துவிட்டுக் கையில் கிளாஸோடு உட்கார்ந்திருக்க முடியும். நேரில் ஒரே அறையில் உட்காரும்போது அது முடியாது. ஆகவே பக்கத்தில் குழு இருப்பவருக்கு ஆன்லைன், நேரில் போக முடியாத நாள்களை நிரப்புவதற்கு மட்டும்.

"சென்டர்" என்பது கூட்டம் அல்ல

தேடும்போது முதலில் கண்ணில் படுவது விளம்பரம் கொடுக்கும் தனியார் மறுவாழ்வு மையங்கள்தான். ஏ.ஏ. என்று தேடினாலும் அவர்கள் எண்ணே மேலே வரும். அது தங்கி எடுக்கும் சிகிச்சை, காசும் கணிசம். தேவைப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் கூட்டத்துக்கு வழி கேட்டவரை அட்மிஷனுக்கு இழுக்கிறவர்களும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி இத்தகைய மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். சொந்தமாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்ப்பதற்கும், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்கு முதலில் 30 நாள்தான் வரம்பு. "நீங்க அட்ரஸ் மட்டும் கொடுங்க, ராத்திரி வேன்ல வந்து தூக்கிட்டுப் போயிடுவோம்" என்று போனில் சொல்லும் இடத்தோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் கயிறு கட்டுவது, மாலை போடுவது பற்றியும் கேட்கிறார்கள். மாலை போட்ட 41 நாள் சொட்டுக்கூடத் தொடாதவர் ஏராளம். கழற்றிய அன்று மாலை என்ன செய்வது என்பதற்கு அங்கே பதில் இல்லை. விரதத்தோடு கூட்டத்துக்கும் போய் வந்தால் 42ஆம் நாள் கைவசம் ஓர் ஏற்பாடு இருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அவர் வர மறுத்தாலும் நீங்கள் போக ஓர் இடம் உண்டு. குடிப்பவரின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951இல் தொடங்கியது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். ஏ.ஏ. எண்ணிலேயே விசாரிக்கலாம். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்கும் யோசனையை அங்கே யாரும் ஆதரிக்க மாட்டார்கள். காரணம் இருக்கிறது: டைசல்ஃபிராம் உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரை போகலாம், இதய நோயாளிக்கு உயிரே போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு இருக்கும். தெரிந்து, ஒப்புக்கொண்டு, டாக்டர் பார்வையில் எடுத்தால் அதே மருந்து உதவும்.

யாருக்கு எது

காலையில் நடுக்கம் வருகிற நிலையில் இருப்பவர் மருத்துவமனையில் தொடங்கி, அந்த வாரமே ஏ.ஏ.வைத் தொட வேண்டும். வார இறுதியில் மட்டும் குடித்து, நிறுத்த முடியாமல் தவிப்பவர் நேரே ஏ.ஏ.வுக்குப் போகலாம், அவர் தேட வேண்டியது சனி, ஞாயிறு மாலைக் கூட்டத்தை. சென்னை, கோவை, மதுரை போன்ற பெரிய ஊர்களில் ஒரே குழுவைப் பார்த்து முடிவு கட்டாமல் மூன்று நான்கு குழுக்களைச் சுற்றிப் பார்த்து, பேசப் பிடித்த ஆள்கள் இருக்கும் இடத்தில் நிலைக்கலாம். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் இருப்பவருக்கு மருத்துவமனைதான் முதலில், கூட்டம் துணைக்கு. ஊரில் எதுவும் இல்லாதவர் ஆன்லைனில் தொடங்கி, மாதம் ஒரு முறையாவது பக்கத்து நகரக் கூட்டத்துக்கு நேரில் போய் வர வேண்டும். புதியவர்களுக்கு ஏ.ஏ.வில் சொல்லப்படும் 90 நாளில் 90 கூட்டம் என்ற கணக்கு பெருநகரத்தில் சாத்தியம். சிறு ஊரில் நேரில் வாரம் இரண்டு, மற்ற நாளில் ஆன்லைன் அல்லது ஓர் உறுப்பினருக்கு போன் என்று அதை ஈடுகட்டலாம்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்பதில்லை, வராமல் நின்றுவிடுகிறார்கள். குடித்தவரை ஏ.ஏ. குழு விலக்குவதில்லை, நாள் கணக்கு மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். போதையோடேயே வந்தால்கூடச் சத்தம் போடாமல் இருக்கும்வரை பின் வரிசையில் உட்கார விடுவார்கள். அன்றைக்குப் பேச மட்டும் சொல்ல மாட்டார்கள். வரும்போது வண்டி ஓட்டி வராமல் ஆட்டோவில் வரவும், இல்லையென்றால் குழுவில் ஒருவருக்கு போன் போட்டு வந்து கூட்டிப்போகச் சொல்லவும்.